ஆக்செஸ் பாராமீட்டர் குவெரியும் ஸ்டோர்டு புரொசீஜரும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மைக்ரோசாஃப்ட் ஆக்செஸை முகப்பாகவும் எஸ்க்யூஎல் சர்வரைப் பின்புலத் தரவுத்தளமாகவும் வைத்து, படிவத்தில் பயனர் தரும் மதிப்பைக் குவெரிக்கோ ஸ்டோர்டு புரொசீஜருக்கோ அனுப்பும் அமைப்புகளுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. குவெரி என்பது தரவைத் தேடவோ மாற்றவோ எழுதும் வாக்கியம்; ஸ்டோர்டு புரொசீஜர் என்பது சர்வரிலேயே சேமித்து வைத்துப் பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுப்பு; அவற்றுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பே பாராமீட்டர். அட்டவணைகளை ஆக்செஸ் கோப்புக்குள்ளேயே வைத்திருப்போருக்கும் முதல் பாதி அப்படியே பொருந்தும்.

படிவத்தில் தட்டிய ஒரு மதிப்பு தரவைச் சென்றடைவதற்குள் மூன்று கை மாறுகிறது. முதலாவது ஆக்செஸ் செயலி. திறந்திருக்கும் படிவங்களையும் அவற்றின் உரைப்பெட்டிகளையும் அதற்குத் தெரியும். இரண்டாவது தரவு எஞ்சின். அதற்கு அட்டவணைகளும் சேமித்த குவெரிகளும் தெரியுமே தவிர, படிவம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மூன்றாவது சர்வர், தனக்கு வந்து சேர்ந்த வாக்கியத்தையும் பாராமீட்டர்களையும் தவிர வேறு எதையும் அது அறியாது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை, ஒரு பெயரை மதிப்பாக மாற்ற வேண்டிய பொறுப்பு இந்த மூன்றில் எதனுடையது என்பதைத் தவறாக எண்ணிக்கொள்வதால் வருபவை. பிழைச் செய்தி எந்தக் கையிலிருந்து வந்தது என்று முதலில் கண்டுகொண்டால் தேட வேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிடும்.

ஆக்செஸுக்குள் உண்மையான ஸ்டோர்டு புரொசீஜர் கிடையாது. சேமித்து வைத்த பாராமீட்டர் குவெரிதான் அதற்கு நெருங்கிய உறவு. ஆக்செஸ் 2000 பதிப்பில் அறிமுகமான ஏடிபி வகைக் கோப்புகளில் சர்வரின் புரொசீஜர்களை நேரடியாகத் திறக்க முடிந்தது. 2013 பதிப்பில் அந்த வகையே கைவிடப்பட்டதால், அதை நம்பி எழுதப்பட்ட பழைய குறிப்புகளை இன்றைய கோப்பில் செய்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நாம் வைக்காத கேள்வியோடு மதிப்பு கேட்கும் பெட்டி தோன்றுகிறது

குவெரியையோ அறிக்கையையோ திறந்ததும் பாராமீட்டர் மதிப்பைக் கேட்கும் சிறு பெட்டி வருகிறது. ஆனால் அப்படி ஒரு பாராமீட்டரை நாம் அமைக்கவே இல்லை. எந்தப் புலத்தோடும் பொருந்தாத பெயர் ஒவ்வொன்றையும் ஆக்செஸ் பாராமீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும் என்பதே இதன் காரணம். பெட்டியில் அச்சாகியிருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. அது புலத்தின் பெயரை ஒத்திருந்தால் எழுத்துப்பிழையோ, அட்டவணையில் பின்னாளில் மாற்றிய பெயரோ காரணமாக இருக்கும். படிவத்தைச் சுட்டும் பெயராக இருந்தால் அந்தப் படிவம் மூடியிருக்கிறது, அல்லது அது இன்னொரு படிவத்துக்குள் துணைப்படிவமாக இருப்பதால் சுட்டும் பாதை மாற வேண்டியிருக்கிறது.

குவெரியைத் தனியே திறந்தால் பெட்டி வருவதில்லை, அறிக்கையில் மட்டும் வருகிறது என்றால் குவெரியைத் தோண்ட வேண்டாம். அறிக்கையின் வரிசைப்படுத்தல், குழுவாக்கல் பகுதியில் நீக்கப்பட்ட ஒரு புலத்தின் பெயர் எஞ்சியிருக்கக்கூடும். படிவத்தின் பண்புப் பட்டியலில் உள்ள வரிசைப்படுத்தல், வடிகட்டல் பண்புகளிலும் பழைய பெயர்கள் நீண்ட நாள் ஒளிந்திருக்கும். எப்போதோ யாரோ ஒரு பயனர் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்திச் சேமித்ததுகூட அங்கே தங்கிவிடும்.

பிழை 3061: பாராமீட்டர்கள் போதவில்லை, எதிர்பார்த்தது 1

குவெரியை இருமுறை சொடுக்கினால் ஒழுங்காக ஓடுகிறது. அதே குவெரியை விபிஏ (ஆக்செஸுக்குள்ளேயே உள்ள நிரல்மொழி) நிரலிலிருந்து ரெக்கார்ட்செட்டாக, அதாவது பதிவுகளின் தொகுப்பாக, திறந்தாலோ எக்ஸிக்யூட் செய்தாலோ (இயக்கினாலோ) 3061 வருகிறது. புதியவர்களை இவ்வளவு குழப்பும் பிழை வேறொன்று இல்லை எனலாம். சொடுக்கித் திறக்கும்போது இடையில் ஆக்செஸ் செயலி நின்று, படிவத்தைச் சுட்டும் பெயர்களுக்கு மதிப்பை நிரப்பிவிட்டு எஞ்சினிடம் கொடுக்கிறது. நிரலில் டிஏஓ (எஞ்சினோடு நேரடியாகப் பேசும் நிரல் நூலகம்) வழியாகப் போகும்போது குவெரி நேராக எஞ்சினிடம் சென்றுவிடுகிறது. எஞ்சினுக்குப் படிவம் தெரியாததால், அந்தச் சுட்டு அதன் கண்ணுக்கு நிரப்பப்படாத ஒரு பாராமீட்டராகத் தெரிகிறது.

தீர்வு, அந்த மதிப்பை நாமே நிரப்புவது. சேமித்த குவெரியைக் குவெரிடெஃப் பொருளாக எடுத்து, அதன் பாராமீட்டர் தொகுப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரையே, எழுத்தாகத் தந்த சுட்டை மதிப்பாக மாற்றும் இவால் செயற்கூற்றில் கொடுத்துக் கிடைக்கும் மதிப்பை ஒதுக்கி, பிறகு அந்தக் குவெரிடெஃப்பிலிருந்து ரெக்கார்ட்செட்டைத் திறக்க வேண்டும். படிவம் திறந்திருந்து, பாராமீட்டர்கள் எல்லாமே படிவச் சுட்டுகளாக இருக்கும்வரை இந்தச் சிறு சுழற்சி போதும். பயனரிடம் கேட்கும் சாதாரணப் பெயர் ஒன்று நடுவில் இருந்தால் இவால் தடுமாறும். அதற்கு மட்டும் மதிப்பைப் பெயர் சொல்லி ஒதுக்கவும்.

செய்தியின் இறுதியில் வரும் எண்ணையும் கவனிக்கவும். எதிர்பார்த்தது 2 என்று வந்து, உங்கள் கணக்கில் ஒரே பாராமீட்டர்தான் இருக்கிறது என்றால், மற்றொன்று எழுத்துப்பிழையான புலப்பெயராகவோ மேற்கோள்குறி இல்லாத உரையாகவோ இருக்கும். ஊர் = மதுரை என்று மேற்கோள்குறியின்றி எழுதினால், எஞ்சின் மதுரை என்ற பெயரில் ஒரு புலத்தைத் தேடிக் காணாமல், அதையும் பாராமீட்டர் கணக்கில் சேர்த்துவிடும்.

மதிப்பைச் சரமாக ஒட்டிக் குவெரியை நிரலிலேயே கட்டுவது சுருக்கு வழியாகத் தோன்றும். டி'சூசா, டி'சில்வா போன்ற பெயர் வந்த அன்று அந்த ஒற்றை மேற்கோள்குறியால் வாக்கியம் நடுவிலேயே முடிந்து பிழை 3075 வரும்; அதைவிட மோசமாக, தீய நோக்கமுள்ளவர் உரைப்பெட்டி வழியாகவே வாக்கியத்தின் பொருளை மாற்றவும் கதவு திறந்திருக்கும். பாராமீட்டராக அனுப்பிய மதிப்பு எத்தனை மேற்கோள்குறிகளைத் தாங்கியிருந்தாலும் மதிப்பாகவே இருக்கும்.

தரவை மாற்றும் குவெரிகளை எக்ஸிக்யூட் செய்யும்போது, தோல்வியில் பிழை எழுப்பும் டிபிஃபெயில்ஆன்எரர் விருப்பத்தைச் சேர்த்தே எழுதவும். அது இல்லாவிட்டால், விதிகளை மீறும் பதிவுகள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

லிப்ரேஆஃபிஸ் பேஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. அங்கே பெயருக்கு முன் முக்காற்புள்ளி இட்டால் அது பாராமீட்டர். ஆனால் எஸ்க்யூஎல் கட்டளையை நேரடியாக இயக்கும் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் பேஸ் அந்த வாக்கியத்தைத் தொடாமல் எஞ்சினுக்கு அனுப்பிவிடும். மதிப்பு கேட்கும் பெட்டி வராமல் பிழை மட்டும் வரும். பொத்தானை விடுவித்தால் சரியாகிவிடும்.

பிழை 3070: பெயரை எஞ்சின் ஏற்க மறுக்கிறது

வரிசை, நெடுவரிசை இரண்டிலும் தலைப்பிட்டுத் தொகைகளைக் காட்டும் கிராஸ்டேப் குவெரியில் படிவச் சுட்டு இருந்தால் இது வரும். மற்ற குவெரிகளில் பாராமீட்டரை அறிவிக்காமல் விட்டாலும் வண்டி ஓடும், கிராஸ்டேப்பில் ஓடாது. வடிவமைப்புக் காட்சியில் பாராமீட்டர்கள் என்ற உரையாடல் பெட்டியைத் திறந்து, பெயரையும் தரவு வகையையும் அறிவித்துவிடவும். கிராஸ்டேப்புக்கு அடிப்படையான உள்குவெரியில் பாராமீட்டர் இருந்தாலும் இதே விதிதான்.

தேதி மாதத்தின் முற்பாதியில் தவறு, பிற்பாதியில் சரி

நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதி எழுதும் நம் பழக்கத்துக்கே உரிய பிழை இது. எந்தச் செய்தியும் வராது; அறிக்கையின் தொகை மட்டும் பொருந்தாது. ஆக்செஸின் எஸ்க்யூஎல் வாக்கியத்தில் இரண்டு # குறிகளுக்கு நடுவே எழுதும் தேதியை, விண்டோஸின் வட்டார அமைப்பு எதுவாக இருந்தாலும், எஞ்சின் அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் வைத்தே படிக்கும். நிரலில் தேதியைச் சரமாக ஒட்டும்போது விபிஏ நம் வட்டார முறையில் எழுதுகிறது. எனவே 2024 ஏப்ரல் 5 என்பது #05/04/2024# என்று போய், எஞ்சினிடம் மே 4 ஆகிவிடுகிறது. அதே நிரலில் ஏப்ரல் 14 என்பது #14/04/2024# என்று போகும்போது, பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லாததால் எஞ்சின் அதை நாளாகக் கொண்டு ஏப்ரல் 14 என்றே ஏற்றுக்கொள்கிறது. சோதனை செய்தவர் மாதத்தின் 20ஆம் தேதியில் சோதித்திருந்தால் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் புகார் வரும்.

நிலையான தீர்வு, குவெரியில் பாராமீட்டரைத் தேதி வகையாக அறிவித்து, மதிப்பைத் தேதியாகவே ஒதுக்குவது. அப்போது தேதி சரமாக மாறுவதே இல்லை. சரமாக எழுதியே தீர வேண்டும் என்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கோடிட்டு, #2024-04-05# என்று எழுதவும்.

இதே பழக்கத்தைச் சர்வர் பக்கம் கொண்டுபோகும்போது ஓர் எச்சரிக்கை. எஸ்க்யூஎல் சர்வரில் டேட்டைம் வகைப் பாராமீட்டருக்கு '2024-04-05' என்று அனுப்பினால், லாகினின் (சர்வருக்குள் நுழையும் கணக்கின்) மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருக்கும்போது அதையும் சர்வர் மே 4 என்று படிக்கும். நாள் 12ஐத் தாண்டினாலோ தரவு வகை மாற்றப் பிழை 8114 வரும். கோடே இல்லாமல் '20240405' என்று எட்டு இலக்கமாக எழுதினால் எந்த மொழி அமைப்பிலும் பொருள் மாறாது.

மாதத்தின் கடைசி நாளின் பில்கள் மட்டும் விடுபட்டால், காரணம் வேறு. புலத்தில் நேரமும் சேர்ந்திருக்கிறது. ஏப்ரல் 30 வரை என்று கேட்டால் அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு வரையிலான பதிவுகள் மட்டுமே வரும். மே 1க்கு முன் என்று கேட்கவும்.

பிழையும் இல்லை, பதிவும் இல்லை

உரைப்பெட்டியைக் காலியாக விட்டால் எல்லாப் பதிவுகளும் வர வேண்டும் என்று நினைக்கிறோம், ஒன்றும் வருவதில்லை. காலியான பெட்டியின் மதிப்பு நல் (Null), அதாவது மதிப்பே இல்லை என்ற நிலை. எந்த ஒன்றையும் நல்லுக்குச் சமமா என்று கேட்டால் விடை ஆம் என்று ஆகவே ஆகாது. நிபந்தனையை, புலம் பாராமீட்டருக்குச் சமம் அல்லது பாராமீட்டரே நல் என்று இரு கிளையாக எழுத வேண்டும். லைக் செயற்குறியோடு முன்னும் பின்னும் நட்சத்திரக்குறி ஒட்டுவது பலரும் செய்வது. அப்போது பெட்டி காலியாக இருந்தாலும், அந்தப் புலம் நல்லாக உள்ள பதிவுகள் வராமல் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நட்சத்திரக்குறி ஆக்செஸின் இயல்பான முறையில் மட்டுமே செல்லும். அதே குவெரியை ஏடிஓ (டிஏஓ போன்ற இன்னொரு நிரல் நூலகம்) வழியாக ஓட்டினாலோ பாஸ்-த்ரூவாக, அதாவது எழுதியபடியே, சர்வருக்கு அனுப்பினாலோ விழுக்காட்டுக்குறியே வேண்டும்.

பிழை 3146: ஓடிபிசி அழைப்பு தோல்வி

ஓடிபிசி என்பது ஆக்செஸைச் சர்வரோடு இணைக்கும் பொது இடைமுகம். புரொசீஜரை ஆக்செஸிலிருந்து அழைக்கும் எளிய வழி பாஸ்-த்ரூ குவெரி. அதில் எழுதியதை ஆக்செஸும் எஞ்சினும் தொடாமல் சர்வருக்கு அப்படியே அனுப்பிவிடும். ஆகவே அதற்குள் படிவச் சுட்டை எழுதினால், சர்வர் ஆச்சரியக்குறி அருகே இலக்கணப் பிழை என்று சொல்லித் திருப்பிவிடும். மதிப்பை நிரலில் சேர்த்துக் குவெரிடெஃப்பின் எஸ்க்யூஎல் பண்பை ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதுவதுதான் இங்கே வழி. அப்போது உரையில் உள்ள ஒற்றை மேற்கோள்குறிகளை இரட்டிப்பாக்கத் தவற வேண்டாம். எண்ணாகவோ தேதியாகவோ இருக்க வேண்டியதை வகை மாற்றிச் சோதித்த பிறகே ஒட்டவும். காலியான தேதிப் பெட்டியை வெற்று மேற்கோளாக அனுப்பினால் சர்வர் முணுமுணுக்காமல் அதை 1900 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும்; நல் என்ற சொல்லையே மேற்கோளின்றி எழுத வேண்டும்.

3146 என்ற எண் தனியே எதையும் சொல்லாது. சர்வர் சொன்ன உண்மையான காரணம் டிபிஎஞ்சினின் எரர்ஸ் தொகுப்பில் இருக்கிறது. அதன் முதல் உறுப்பில் அடியில் நிகழ்ந்த பிழையும் கடைசி உறுப்பில் 3146உம் இருக்கும். பிழை கையாளும் பகுதியில் அந்தத் தொகுப்பு முழுவதையும் அச்சிடும் நான்கு வரி நிரலை நிரந்தரமாக வைத்திருப்பது நல்லது.

உள்ளே 2812 இருந்தால் புரொசீஜர் அகப்படவில்லை என்று பொருள். பெயர் சரியாக இருந்தும் இது வந்தால் இணைப்புச் சரத்தில் தரவுத்தளத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் லாகினின் இயல்பான தரவுத்தளத்தில், பெரும்பாலும் சர்வரின் சொந்தத் தரவுத்தளமான மாஸ்டரில், தேடல் நடக்கும். ஸ்கீமாவின் (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளையும் புரொசீஜர்களையும் தொகுத்து வைக்கும் பிரிவின்) பெயரையும் சேர்த்து அழைக்கவும். 229 என்றால் இயக்கும் அனுமதி இல்லை. புரொசீஜரை இயக்க அனுமதி தந்தால் போதும். புரொசீஜரும் அட்டவணைகளும் ஒரே உரிமையாளருடையவையாக இருந்து, வாக்கியத்தை ஓட்டத்தின்போதே கட்டி இயக்கும் முறை உள்ளே இல்லாதவரை, அட்டவணைகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை. 201 என்றால் ஒரு பாராமீட்டர் போய்ச் சேரவில்லை. 8144 என்றால் வேண்டியதைவிட அதிகமாகப் போயிருக்கிறது. புரொசீஜரைத் திருத்திய பிறகு முகப்பைத் திருத்த மறந்த இடங்களில் இவ்விரண்டும் வரும்.

பதிவுகளைத் திருப்பாத புரொசீஜரை அழைத்து 3325 வந்தால், குவெரியின் பண்புகளில் பதிவுகளைத் திருப்பும் என்பதை இல்லை என்று மாற்றவும். சரியாக 60 நொடியில் அறுந்தால் அது ஓடிபிசி காத்திருப்பு எல்லை. அதே பண்புப் பட்டியலில் கூட்டலாம். பாஸ்-த்ரூ தரும் பதிவுகளைத் திருத்த முடியாது என்பது பிழையல்ல, அதன் இயல்பு.

பிழை 3704: பொருள் மூடியிருப்பதால் செயல் அனுமதிக்கப்படவில்லை

எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் பதிவுகளைக் கொட்டும் புரொசீஜர், ஏடிஓவில் மூடிய ரெக்கார்ட்செட்டைத் தருகிறது. புரொசீஜர் முதலில் ஒரு தற்காலிக அட்டவணையை நிரப்பி, பிறகே பதிவுகளைத் தேர்ந்தெடுக்கிறது என்றால் காரணம் தெளிவு. நிரப்பியதும் இத்தனை வரிசைகள் பாதிக்கப்பட்டன என்று சர்வர் அனுப்பும் எண்ணிக்கையை ஏடிஓ முதல் விடையாக எடுத்துக்கொள்கிறது. அதில் பதிவு ஏது? புரொசீஜரின் முதல் வரியாக செட் நோகவுன்ட் ஆன் என்பதைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை வராது. எழுதும் ஒவ்வொரு புரொசீஜரிலும் இதை வழக்கமாகவே சேர்த்துவிடலாம்.

புரொசீஜர் மதிப்பைத் திருப்பித் தரும் அவுட்புட் பாராமீட்டர் காலியாகவே இருக்கிறது என்ற புகாரும் இதே இடத்தில் எழும். சர்வர் பக்கக் கர்சரில் (பதிவுகளைச் சர்வரே வைத்துக்கொண்டு கேட்கக் கேட்கத் தரும் முறையில்), ரெக்கார்ட்செட்டை மூடிய பிறகே அவுட்புட் மதிப்பு வந்து சேரும். முதலில் பதிவுகளைப் படித்து மூடிவிட்டு, பிறகு பாராமீட்டரைப் பார்க்கவும்.

பாராமீட்டர் போகிறது, ஆனால் தவறான இடத்துக்கு

ஏடிஓவின் கமாண்ட் பொருளில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் பெயர் சூட்டிச் சேர்த்தாலும், இயல்பாக அவை சேர்த்த வரிசைப்படியே புரொசீஜருக்குப் போகின்றன. பெயரை அது பார்ப்பதில்லை. தொடக்க நாளும் முடிவு நாளும் இடம் மாறினால் வகை ஒன்றே என்பதால் பிழை எழாது, பதிவும் வராது. நேம்ட்பாராமீட்டர்ஸ் பண்பை உண்மை என்று வைத்தால்தான் பெயர்ப் பொருத்தம் நடக்கும். திரும்பும் மதிப்புக்கான பாராமீட்டரைச் சேர்ப்பதாக இருந்தால் அதுதான் முதலில் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் பாராமீட்டர் தொகுப்பின் ரிஃப்ரெஷ் முறையை ஒருமுறை இயக்கி, சர்வர் தரும் பட்டியலை உங்கள் பட்டியலோடு ஒப்பிடவும். ஒவ்வொரு அழைப்புக்கும் சர்வருக்கு ஒரு நடை கூடுவதால் சோதனைக்குப் பின் நீக்கிவிடவும். உரை வகைப் பாராமீட்டருக்கு நீளம் தராவிட்டால் 3708 வரும்.

தமிழ் எழுத்து கேள்விக்குறியாகிறது, அல்லது பெயரின் வால் அறுகிறது

அட்டவணையில் புலம் என்வார்சார், அதாவது யூனிகோடு உரை வகை. நேரடியாகத் தட்டினால் தமிழ் நிற்கிறது. புரொசீஜர் வழியாகப் போனால் ???? என்று சேமிக்கப்படுகிறது. வழியில் எங்கோ ஓரிடத்தில் யூனிகோடு அல்லாத உரை வகையான வார்சார் நிற்கிறது என்பதே இதற்குப் பொருள். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: புரொசீஜரின் பாராமீட்டர் அறிவிப்பு, ஏடிஓ பாராமீட்டரின் வகை, பாஸ்-த்ரூ வாக்கியத்தில் மேற்கோளுக்கு முன் இருக்க வேண்டிய N என்ற ஆங்கில எழுத்து. ஏடிஓ வகை 200 என்றால் வார்சார், 202 என்றால் யூனிகோடு உரை. கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயரை மீட்க முடியாது; மூலப் பதிவேட்டிலிருந்து மறுபடி தட்ட வேண்டியதுதான்.

ஆனால் விபிஏ திருத்தியின் சோதனைச் சாளரத்தில் கேள்விக்குறி தெரிந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அந்தச் சாளரத்துக்கே யூனிகோடு காட்டத் தெரியாது. முதல் எழுத்தை, எழுத்தின் யூனிகோடு எண்ணைத் தரும் ஆஸ்க்டபிள்யூ செயற்கூற்றில் கொடுங்கள்: 2944 முதல் 3071 வரையிலான எண் வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது, 63 வந்தால் உண்மையிலேயே கேள்விக்குறிதான்.

வால் அறுவது இன்னும் நுட்பமானது. அட்டவணையில் நேரடியாகச் சேர்க்கும்போது நீளம் மிஞ்சினால் சர்வர் பிழை எழுப்பும். புரொசீஜரின் பாராமீட்டரில் மிஞ்சினால் சத்தமின்றி வெட்டிவிடும். என்வார்சாரின் நீளம் நாம் எண்ணும் எழுத்துகளின் எண்ணிக்கையும் அல்ல. செந்தாமரைச்செல்வி என்பது நம் கணக்கில் 9 எழுத்து. சர்வரின் கணக்கில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டு 17. ஒன்பது எழுத்துதானே என்று 10 இடம் ஒதுக்கினால், சேமிக்கப்படுவது செந்தாமரைச என்பது. ச் மீதிருந்த புள்ளிகூட மிஞ்சாது. நீளமே குறிப்பிடாமல் என்வார்சார் என்று மட்டும் பாராமீட்டரை அறிவித்தாலோ நீளம் 1 என்று கொள்ளப்படும். அட்டவணைப் புலத்தின் நீளத்தையே பாராமீட்டருக்கும் தருவதைத் தவிர இங்கே சமரசம் இல்லை.

மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் நொடியில், ஆக்செஸில் நிமிடக்கணக்கில்

அதே புரொசீஜர், அதே மதிப்பு, ஆனால் வேகம் வேறு. வலையமைப்பைக் குறை சொல்வதற்கு முன், பதிவுகளை எப்படித் தேடுவது என்று சர்வர் வகுக்கும் திட்டத்தைப் பாருங்கள். புரொசீஜர் முதன்முதலில் எந்த மதிப்போடு ஓடியதோ, அந்த மதிப்புக்கு ஏற்ற திட்டத்தைச் சர்வர் வகுத்து நினைவில் வைத்துக்கொள்ளும். பத்தே பில் உள்ள வாடிக்கையாளருக்கு வகுத்த திட்டம், லட்சம் பில் உள்ளவருக்கு நொண்டும். ஸ்டுடியோவில் மட்டும் வேகமாக இருப்பது ஏன் என்றால், அது, கணக்கீட்டுப் பிழை நேர்ந்தால் வாக்கியத்தை நிறுத்தும் அரித்அபார்ட் என்ற அமைப்பை இயல்பாகவே இயக்கி வைக்கிறது. ஓடிபிசி, ஏடிஓ இணைப்புகள் இயல்பாக அப்படிச் செய்வதில்லை. அமைப்பு வேறானால் திட்டமும் தனி. எனவே ஸ்டுடியோவில் அந்த அமைப்பை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் மெதுவானால் நோய் உறுதி. அரித்அபார்ட்டை ஆக்செஸ் பக்கம் இயக்கிவைப்பது மருந்தல்ல. வேறொரு திட்டத்துக்குத் தற்செயலாக மாறுவது மட்டுமே.

எப்போதாவது ஓடும் அறிக்கை என்றால், சிக்கலான வாக்கியத்தின் இறுதியில் ரீகம்பைல் விருப்பத்தைச் சேர்த்து ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிடச் செய்யலாம். அதற்கான சிறு செலவு அறிக்கையின் நேரத்தில் தெரியாது. நிமிடத்துக்குப் பலமுறை அழைக்கப்படும் புரொசீஜருக்கு அது ஏற்றதல்ல. அங்கே புள்ளிவிவரங்களைப் புதுப்பித்து, இண்டெக்ஸை (தேடலை விரைவாக்கும் சுட்டுப்பட்டியலை) சரிபார்ப்பதில் தொடங்கவும். தேடும் புலம் வார்சாராகவும் அனுப்பும் பாராமீட்டர் யூனிகோடாகவும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படியிருந்தால் சர்வர் பாராமீட்டரை மாற்றாமல் புலத்தின் ஒவ்வொரு மதிப்பையும் மாற்றி ஒப்பிடும். சில கொலேஷன்களில் (எழுத்துகளை வரிசைப்படுத்தி ஒப்பிடும் விதித்தொகுப்புகளில்) இண்டெக்ஸ் இருந்தும் அட்டவணை முழுவதையும் படிக்க நேரிடும். பில் எண், பொருள் குறியீடு போன்ற வார்சார் புலங்களுக்கு 200ஐயும், பெயர், முகவரி போன்ற என்வார்சார் புலங்களுக்கு 202ஐயும் பயன்படுத்தவும்.